சோதனையில் தெரியாதவள்

பெரம்பலூர்
5.1.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நானும் ஆண்ட்ரூசும் கவியாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நீயோ போனை அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டாய். அப்பாவைக் கூப்பிட்டால் அவர் எப்போதும் முந்திரிக் கொல்லையில்தான் இருக்கிறார், நீ பக்கத்தில் இருப்பதில்லை. அதனால் நீ மூன்றாம் வகுப்பில் சொல்லித் தந்தபடியே ஊர் போட்டு, தேதி போட்டு எழுதுகிறேன்.

நேற்று அப்பா பூச்சிமருந்து வாங்க இங்கே வந்தவர் வீட்டுக்கும் வந்தார். காலையில் தண்ணீர் பட்டால் உன் விரல்கள் வெளுத்துப் பிறகு நீலமாகி விடுகின்றனவாமே? மோதிரம் கழலாமல் ஜெயங்கொண்டத்தில் ஆசாரியிடம் கொடுத்து வெட்டி எடுத்தீர்களாமே? கிறிஸ்துமசுக்கு நான் வந்திருந்தபோது நீ கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாய். குளிர் என்றாய். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற நானும் அதை நம்பிவிட்டு வந்தேன்.

இது குளிர் இல்லை அம்மா. டாக்டர் வெற்றிச்செல்வி என்று ஒருவர், முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர், இப்போது புதுச்சேரியில் இருக்கிறார். இந்த மாதிரி நோய்களுக்கென்றே படித்தவர். அவரிடம் பேசியிருக்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாரமே போய்ப் பார். பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப் போடாதே.

அன்பு மகள்,
சகாய பிரியா

&nbsp;

அடைக்கல மாதா துணை

வரதராசன்பேட்டை
24.1.2024

அன்பு மகள் பிரியாவுக்கு அம்மா ஆசீர் கூறி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் மாதா புண்ணியத்தில் இருக்கிறோம். மாப்பிள்ளையும் கவியாவும் சுகம்தானே? கவியாவுக்குப் பல் விழுந்துவிட்டதா?

போனைப் பற்றிக் கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு அதில்தான் சொன்னார்கள், செந்துறை ரோட்டில் உன் அண்ணனை லாரி அடித்துவிட்டது என்று. இரண்டு வருடமாகியும் அது மணி அடித்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நீ சொன்னபடி புதுச்சேரிக்குப் போய் வந்தோம். டாக்டர் சின்னப் பெண். என்னை வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைகிற அளவுக்குத் திறக்க வேண்டுமாம், எனக்கு இரண்டுகூட நுழையவில்லை. கன்னத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிடிபடவில்லை. 'தோல் இறுகுற வியாதிம்மா. உடம்பே உடம்போட சண்ட போடுது' என்றார். நுரையீரலிலும் கொஞ்சம் ஆரம்பித்திருக்கிறதாம். மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். இந்த நோய் வந்த பெண்களின் ரத்தத்தை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், தர முடியுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

அங்கே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பையன் அசப்பில் ஆனந்த் மாதிரியே இருந்தான். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்ததும் அப்படியே. ஆனந்த் இருந்திருந்தால் என்னைப் பஸ்ஸில் அலைய விட்டிருப்பானா என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா செபஸ்தியம்மாள்

&nbsp;

பெரம்பலூர்
3.2.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து கொஞ்சம் கோணிப் போயிருந்தாலும் வரி நேராகத்தான் வந்திருக்கிறது. கவியாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நோயைப் பற்றிப் பயப்படாதே, அலட்சியமும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போடத்தான் நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. உன் உடம்பில் அவை உன்னையே அன்னியமாக நினைத்துத் தாக்குகின்றன. தாக்கின இடம் தழும்பு மாதிரி இறுகிவிடுகிறது. தோல் இறுகினால் சமாளிக்கலாம், நுரையீரல் இறுகினால் மூச்சுக்குக் கஷ்டமாகிவிடும். அதனால் மாத்திரையை ஒருவேளைகூட விடாதே.

எனக்கு டூட்டி மாறி மாறிப் போடுகிறார்கள், உடனே வர முடியாது. வெந்நீரில் கை கழுவு. துணி துவைக்காதே.

அப்பாவுக்கும் என் அன்பு.

பிரியா

&nbsp;

அடைக்கல மாதா துணை

வரதராசன்பேட்டை
2.3.2024

அன்பு மகள் பிரியாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நேற்று மறுபடியும் புதுச்சேரிக்குப் போயிருந்தோம். அன்றைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வந்திருந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

'அம்மா, ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?' என்றார்.

'ரெண்டு. மூத்தவன் பையன். இப்ப இல்ல' என்றேன்.

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, 'எப்பயாச்சும் ஒங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன்.

'அப்ப அது ஒங்க பையனோடதாத்தான் இருக்கணும். ஒங்க ரத்தத்துல, வெள்ளை அணுவோட கலந்து, ஆம்பள செல்லு கொஞ்சம் இருக்கு. பிள்ள வயித்துல இருக்கறப்ப அதோட செல்லு தாய்க்குள்ள வந்துடும். சிலது போவாம அங்கயே தங்கிடும். முப்பது வருசம் ஆனாலும் இருக்கும்.'

நான் எழுந்து நின்றுவிட்டேன் பிரியா. 'உசுரோடவா?' என்று கேட்டேன்.

'உசுரோடதாம்மா' என்றார்.

அதற்குப் பிறகு அவர் நோயைப் பற்றி ஏதேதோ சொன்னார். என் காதில் விழவில்லை. பஸ்ஸில் வரும்போது என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் குழியில் முதல் பிடி மண் போட்ட கை இது. இந்தக் கைக்குள்ளேயே அவன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான், நான்தான் தெரியாமல் கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

நீ லேபில் இருப்பவள். இது உண்மைதானா? அப்புறம் ஒரு சந்தேகம். இந்த மாத்திரை எந்த அணுவைப் பிடிக்கிறது? சுருக்கமாக எழுது. உடனே எழுது.

அம்மா

&nbsp;

பெரம்பலூர்
8.3.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

டாக்டர் சொன்னது உண்மைதான். பிள்ளையின் உயிரணுக்கள் தாயின் உடம்பில் பல வருடங்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில், தோலில், ஈரலில்கூட. அவற்றைப் பார்த்துத்தான் உடம்பு சண்டையை ஆரம்பிக்கிறதோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இல்லை, அவை புண்பட்ட இடத்தை ஆற்றத்தான் உதவுகின்றன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நோயே இல்லாத பெண்களிடமும் அவை இருக்கின்றன. பிள்ளை பெறாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே இன்னதால் வந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரையைக் கேட்டிருந்தாய். அது வெள்ளை அணுக்கள் பெருகாமல் அடக்கி வைக்கும். அவைதானே சண்டைக்காரர்கள்.

உனக்குச் சந்தோஷம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். டாக்டர் வேறு எதுவும் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். பரவாயில்லை, பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

பிரியா

&nbsp;

அடைக்கல மாதா துணை

வரதராசன்பேட்டை
2.4.2024

அன்பு மகள் பிரியாவுக்கு அம்மாவின் உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கும் கவியாவுக்கும் சொல்.

நீ ஈஸ்டருக்கு வருவாய் என்று பார்த்தேன். கிறிஸ்துமசுக்குப் பிறகு நீ இந்தப் பக்கமே வரவில்லை. டூட்டி என்கிறாய், சரி.

நான் நன்றாக இருக்கிறேன். முந்திரி இந்த வருடம் பரவாயில்லை, ஆள்தான் கிடைக்கவில்லை. பழம் உதிர்ந்து கொல்லையெல்லாம் வாசனையாகக் கிடக்கிறது. ஆனந்துக்கு அந்த வாசனை ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். இப்போது நான் கொல்லைக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும்.

மனசு லேசாக இருக்கிறது. கவலைப்படாதே.

அம்மா

&nbsp;

பெரம்பலூர்
18.4.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். மூச்சு வாங்குகிறதா, சோறு இறங்குகிறதா, விரல் எப்படி இருக்கிறது, ஒன்றும் இல்லை. மாத்திரை என்ற சொல்லே அதில் இல்லை.

இந்த மாதம் நீ புதுச்சேரிக்கு வரவில்லை என்று டாக்டர் வெற்றிச்செல்வி எனக்குப் போன் செய்தார். மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா? பெரிய கடிதம் வேண்டாம். சாப்பிடுகிறேன், இல்லை சாப்பிடவில்லை, இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பு.

பிரியா

&nbsp;

வரதராசன்பேட்டை
6.5.2024

பாசமுள்ள மகள் பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் மாப்பிள்ளை, பேத்தி சுகமும் அறியவேண்டும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும் என்று எழுதுகிறேன். உன் அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். உன்னுடைய அந்த மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றைக்கே நிறுத்திவிட்டாள். இப்போது கோயில் படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள். சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், சத்தமும் போட்டுப் பார்த்தேன். 'அவன் வெள்ளை அணுவோடதான் இருக்கான்னு டாக்டரு சொன்னாங்க. மாத்திரை வெள்ளை அணுவைத்தான் பிடிக்கும்னு பிரியா எழுதியிருக்கா. ஒருதரம் லாரிக்குக் குடுத்துட்டேன். இந்தத் தடவ நானே முழுங்கி அவனக் கொல்லச் சொல்றீங்களா?' என்று கேட்கிறாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவளைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் பொறாமையாக இருக்கிறது. பெற்றவளுக்கு ரத்தத்தில் இருக்கிறானாம். தகப்பனுக்கு அப்படி ஒன்றும் தங்காதாமே? டாக்டரிடம் நான் கேட்டேன். இல்லைங்கய்யா என்று சொல்லிவிட்டார்கள்.

நீ வந்து சொன்னால் கேட்பாள். ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தால் அதை என்மேல் வைத்துக்கொள்.

அப்பா
ஞானப்பிரகாசம்

&nbsp;

பெரம்பலூர்
9.5.2024

அம்மா,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. நீ நலமாக இல்லை என்று தெரியும். அப்பாவைக் கோபிக்காதே, அவர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

முதலில் மாத்திரை. நான் அவசரத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டேன், நீ அதைப் பிடித்துக்கொண்டாய். நேற்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன், இந்த மாத்திரை அண்ணனுடைய அணுக்களை அழித்துவிடுமா என்று. 'அதத் தேடிப் போயி அழிக்கிற மாத்திரை இல்ல இது. சண்டைய அமத்துறது. ஒரு அணுகூடப் போவாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது பிரியா. ஆனா முப்பது வருசத்துக்கு மேல தாக்குப் பிடிச்சது சட்டுனு காணாமப் போயிடும்னு எனக்குத் தோணல. அவங்க நுரையீரல் போச்சுன்னா எல்லாமே போயிடும்' என்றார். உனக்குள் அவன் இருக்க வேண்டுமென்றால் நீ இருக்க வேண்டும் அம்மா. அவன் உயிரோடு இருக்க வேறு வீடு இல்லை.

இனி நான் கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன்.

அந்தச் சோதனையில் ஆண் அணுவை மட்டும்தான் தேடுகிறார்கள். பெண்ணின் உடம்பில் ஆண் அணு இருந்தால் அடையாளம் காண்பது சுலபம். பெண் பிள்ளையின் அணு இருந்தால் அதைத் தாயுடையதிலிருந்து பிரித்துப் பார்க்க வேறு பெரிய சோதனை வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை. அதனால் உன் ரிப்போர்ட்டில் நான் இல்லை. ஆனால் நானும் உன் வயிற்றில்தானே இருந்தேன்? என்னுடையதும் உன் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். நீ அதைக் கேட்பாய் என்று மார்ச்சிலிருந்து காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. உனக்குத் தோன்றவே இல்லை.

கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டுவிடுவாயோ என்று பயமும் இருந்தது. பிள்ளையின் அணுவால்தான் இந்த நோய் என்று ஒருநாள் முடிவானால், அது ஏன் அண்ணனுடையதாக இருக்க வேண்டும்? என்னுடையதாகவும் இருக்கலாம் அல்லவா? லேபில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

நான் வராததற்குக் காரணம் டூட்டி இல்லை. எனக்கு இது ஏழாவது மாதம். கிறிஸ்துமசுக்கு வந்தபோதே சொல்லத்தான் வந்தேன். நீ அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, 'நீ எப்படியாச்சும் எங்கிட்டத் திரும்பி வந்துடுய்யா' என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று கேட்டேன். என் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதற்கு நீ ஆனந்த் என்று பேர் வைத்துவிடுவாய் என்று தோன்றியது. சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு வருவதற்கு இன்னும் பயமாகிவிட்டது.

அண்ணன் போனபோது எனக்கும்தான் அண்ணன் போனான் அம்மா. இந்த இரண்டு வருடத்தில் நீ என்னிடம் மாப்பிள்ளையைக் கேட்டாய், கவியாவைக் கேட்டாய். 'நீ எப்படிடி இருக்க?' என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

கொட்டிவிட்டேன். கிழித்துப் போட்டாலும் சரி. மாத்திரையைச் சாப்பிடு.

பிரியா

&nbsp;

அடைக்கல மாதா துணை

வரதராசன்பேட்டை
27.5.2024

என் மகள் பிரியா,

நீ எப்படி இருக்கிறாய்? கால் வீங்குகிறதா? பசி எடுக்கிறதா? கவியாவைச் சுமந்தபோது உனக்கு மோர் வாடையே ஆகாமல் இருந்தது, இப்போதும் அப்படித்தானா?

விரல் பேனாவைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், அதனால்தான் தாமதம். உன் கடிதம் வந்த அன்றே மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா டம்ளரைப் பிடித்தபடி எதிரில் நின்றார். விழுங்கிவிட்டேன். போன வாரம் புதுச்சேரிக்குப் போனோம். இறுகினது இறுகினதுதானாம், இளகாதாம். மேற்கொண்டு இறுகாமல் நிறுத்தலாம், ஆனால் இரண்டு மாதத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று டாக்டர் வருத்தப்பட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவரிடம் நான் கேட்டேன். 'எம் பொண்ணோடதும் எனக்குள்ள இருக்குமா?' என்று. 'இருக்கலாம்மா. நாங்க அதத் தேடலீங்க, அவ்ளோதான்' என்றார். நானும் தேடவில்லை பிரியா.

உன்னால் எனக்கு நோய் வந்திருக்குமோ என்று எழுதியிருக்கிறாய். பெற்ற பிள்ளையை இந்த உடம்பு அன்னியம் என்று நினைத்தால், அது உடம்பின் தப்பு. பிள்ளையின் தப்பு இல்லை. இனிமேல் மைக்ராஸ்கோப்பில் நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்.

ஏழு மாதம் சொல்லாமல் இருந்தவளை வாய் நிறையத் திட்ட வேண்டும். வாய்தான் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, பிழைத்துப் போ.

உனக்கு வலி எடுக்கும்போது நான் அங்கே இருப்பேன். பத்தியச் சமையல் என்னால் ஆகாது, தண்ணீரில் கை வைக்க முடியாது. கூட இருக்க முடியும். வேண்டாம் என்றால் இப்போதே எழுதிவிடு.

அம்மா

&nbsp;

பெரம்பலூர்
20.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சுகம். அம்மாவும் சுகம்தான், மாடிப்படிதான் ஏற முடியவில்லை. மாத்திரையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதே இல்லை, அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். நீங்கள் பேரனைப் பார்த்துவிட்டு அன்றைக்கே கொல்லைக்கு ஓடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்ரூசின் அம்மா, பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று பேச்சை எடுத்தார். பிள்ளை அம்மாவின் மடியில் தலையணைமேல் படுத்திருந்தான். அம்மாவுக்கு விரல் மடங்காததால் அப்படித்தான் வைத்துக்கொள்கிறாள்.

'இதுல யோசிக்க என்னா இருக்கு? மாமன் பேரையே வச்சிடுவோம். சம்மந்தி மனசு குளுரும்' என்றார் என் மாமியார்.

ஆண்ட்ரூஸ் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

அம்மா பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 'வேண்டாங்க சம்மந்தி. அது எம் பையன் பேரு. அவன் அத வச்சிக்கிட்டுப் பொழச்சிட்டுப் போயிட்டான். இவன் புதுசா வந்திருக்கான், இவனுக்குப் புதுசா வைங்க' என்றாள்.

அவளே சொல்லிவிட்டாள் அப்பா. பெயரை இன்னும் முடிவு பண்ணவில்லை. ஆண்ட்ரூஸ் ஒன்று சொல்கிறார், கவியா ஒன்று சொல்கிறாள்.

நேற்று மத்தியானம் பிள்ளை தூங்கிவிட்டான். அம்மா என் பக்கத்தில் படுத்திருந்தாள். நான் தூங்குகிறேனா என்று பார்த்துவிட்டு, 'நீ பொறந்த கத ஒனக்குத் தெரியுமாடி?' என்றாள்.

தெரியாது என்றேன். அண்ணன் பிறந்த கதைதான் எனக்கு மனப்பாடம்.

'ஆண்டிமடம் ஆஸ்பத்திரியில, சித்திரை வெயில்ல பொறந்த. நீ அழவே இல்ல. கண்ண முழிச்சு என்னையே பாத்துக்கிட்டுக் கெடந்த. நர்சம்மா பயந்துபோயி ரெண்டு தட்டுத் தட்டுனாங்க. அப்பவும் அழல. எனக்குத்தான் அழுக வந்துடுச்சு. நான் அழுத சத்தத்தக் கேட்டுத்தான் நீ அழ ஆரம்பிச்ச. அழுதியே பாரு, வாசல்ல நின்ன உங்கப்பாவுக்குக் கேட்டுடுச்சு.'

'அப்பறம் அப்பா என்னா பண்ணாரு?'

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஓரம் வலிக்க, கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'அத எங்கிட்டக் கேக்காத. என்னால சிரிச்சு முடியாது. அந்த மனுசனையே வரச்சொல்லிக் கேளு' என்றாள்.

அப்படி என்னதான் செய்தீர்கள் அப்பா? கொல்லையை யாரிடமாவது பார்க்கச் சொல்லிவிட்டு வந்து சொல்லுங்கள். நான் கேட்க வேண்டும்.

உங்கள் மகள்,
சகாய பிரியா